தொடர் எண்ணின் முன்னால் வரும் சுழியங்களைத் தரவுத்தளத்தில் எப்படிக் காப்பாற்றுவது?

கேள்வி: கிடங்கில் இருக்கும் கருவிகளின் தொடர் எண்களைத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறேன். 00012345 என்று ஏற்றினால் 12345 என்று நிற்கிறது. எண்ணாகவே வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் சுழியங்களைச் சேர்த்துவிட்டால் போதாதா?

பதில்:

அந்த எண்ணை யார் போட்டது என்பதைப் பொறுத்தது. உங்கள் நிறுவனமே 1, 2, 3 என்று போட்டுக்கொண்டு போகிற எண் என்றால் போதும். அதிலும் ஒரு குழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். தயாரிப்பாளர் ஒட்டி அனுப்பிய எண் என்றால் போதாது. அதை எழுத்தாகத்தான் வைக்க வேண்டும். அதாவது அட்டவணையில் அந்த எண்ணுக்கான புலத்துக்கு (நெடுவரிசைக்கு) வார்கேர் அல்லது டெக்ஸ்ட் என்ற எழுத்து வகையைக் கொடுக்க வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரின் யூபி வட்டாரத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தேன். கடைகளுக்கு மின்னணுத் தராசு விற்பதும் பழுதுபார்ப்பதும் தொழில். தராசுகளின் பதிவேட்டை நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்கு மாற்றும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். தொடர் எண் புலத்துக்கு இன்டிஜர், அதாவது முழு எண், என்று வகை கொடுத்தேன். அத்தனையும் இலக்கங்கள்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு ஆண்டுகள் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது.

ஒருநாள் தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தராசு எடை காட்டவில்லை என்று அழைத்தார். வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. தொடர் எண்ணைத் தொலைபேசியில் கேட்டு வாங்கித் தட்டினோம். ஜூரோங்கில் ஒரு பழக்கடையின் தராசு, உத்தரவாதம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்று திரை சொன்னது. எங்கள் ஆள் போய்ச் சரிசெய்துவிட்டு 85 வெள்ளிக்கு ரசீது நீட்டினார். மறுநாள் நானே போய் நிற்க வேண்டியதாயிற்று. அவர் கோபப்படவில்லை. தராசைத் தலைகீழாகக் கவிழ்த்து, கொழுப்பு படிந்த ஒட்டுத்தாளைத் துணியால் துடைத்து, விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். "தம்பி, இதில் எத்தனை சுழியம் இருக்கிறது? உங்கள் கணினியில் எத்தனை இருக்கிறது?"

ஒட்டுத்தாளில் 00004173 என்று இருந்தது. கணினியில் 4173. பழக்கடைத் தராசின் ஒட்டுத்தாளில் இருந்தது 004173. தயாரிப்பாளர் பழைய மாதிரிக்கு ஆறு இலக்கம் போட்டு வந்திருக்கிறார். புது மாதிரி வந்ததும் எட்டு இலக்கமாக்கி, 1 இலிருந்து மறுபடியும் தொடங்கியிருக்கிறார். அவருக்கு இவை இரண்டும் வேறு வேறு எண்கள். என் தரவுத்தளத்துக்கு இரண்டும் 4173. என் நிரல் முதலில் அகப்பட்ட பழக்கடையை எடுத்துக் காட்டிவிட்டது. ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டையாவது அந்தப் புலத்துக்குப் போட்டிருந்தால், புதுத் தராசைப் பதியும் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். அதையும் நான் போடவில்லை.

காட்டும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை இங்கேதான் உடைகிறது. எத்தனை சுழியம் சேர்ப்பது? 4173 என்ற எண்ணிடம் கேட்டால் அதற்குத் தெரியாது. நீளம் ஒன்றாக இல்லாத இடத்தில் முன்சுழியமும் தகவல்தான். வெறும் அலங்காரம் அல்ல.

எண்ணிக்கை வேறு, எண் வேறு என்று பிரித்துப் பார்க்கும் வசதி தமிழிலேயே இருக்கிறது. தராசு எத்தனை என்பது எண்ணிக்கை; கூட்டலாம், கழிக்கலாம், சராசரி எடுக்கலாம். தராசின் எண் அதன் பெயர். இரண்டு தராசுகளின் தொடர் எண்களைக் கூட்டி யாரும் எதையும் கண்டுபிடிக்கப்போவதில்லை. புலத்தின் வகையைத் தீர்மானிக்கும்போது 'இதை நான் எப்போதாவது கூட்டுவேனா?' என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் எழுத்து வகை.

சிங்கப்பூரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் அஞ்சல் குறியீடு 058793. இன்டிஜரில் போட்டால் 58793 ஆகிவிடும். நகர மையத்து முகவரிகள் பலவும் இப்படிச் சுழியத்தில்தான் தொடங்குகின்றன. 4டி என்ற நான்கு இலக்க லாட்டரி வாங்குகிறவர்களைக் கேளுங்கள்: 0000 முதல் 9999 வரை எல்லாம் நான்கு இலக்கம், 0038 வாங்கியவரிடம் 38 என்று சொன்னால் சண்டைக்கு வருவார். அடையாள அட்டை எண்ணில் முன்னால் ஓர் எழுத்து இருப்பதால் சுழியம் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் எழுத்தைத் தனியாகவும் ஏழு இலக்கத்தைத் தனியாகவும் பிரித்துச் சேமிக்கிற புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். 2000 முதல் 2009 வரை இங்கே பிறந்தவர்களுக்கு 'டி' (T) என்ற எழுத்தை அடுத்து வருவதே சுழியம்தான். கடைசியில் வரும் சரிபார்ப்பு எழுத்து, ஒவ்வோர் இலக்கத்தையும் அது நிற்கும் இடத்துக்கு உரிய எண்ணால் பெருக்கிக் கணக்கிடப்படுவது. சுழியம் ஒன்று போனால் மற்ற இலக்கங்கள் எல்லாம் இடம் மாறிக் கணக்கே தப்பாகிவிடும்.

இந்தப் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கக்கூடியது. உள்ளூர்த் தொலைபேசி எண்கள் எட்டு இலக்கம், சுழியத்தில் தொடங்குவதில்லை. அதனால் எண் வகையில் வைத்தாலும் வேலை நடக்கும், ஜொகூரிலிருந்து 01 என்று தொடங்கும் கைப்பேசியோடு ஒரு வாடிக்கையாளர் வரும் வரையில். பட்டைக் குறியீட்டிலும் அப்படித்தான். சிங்கப்பூர்ப் பொருள்களுக்கு 888, இந்தியப் பொருள்களுக்கு 890, மலேசியப் பொருள்களுக்கு 955 என்று தொடங்கும். இவற்றை மட்டும் விற்கிற மளிகைக் கடைக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அமெரிக்கப் பொருள்களின் குறியீடு பன்னிரண்டு இலக்கம். அதைப் பதின்மூன்று இலக்கமாக எழுதும்போது முன்னால் ஒரு சுழியம் சேர்கிறது. அமெரிக்கத் தானிய உணவுப் பெட்டி அடுக்கில் ஏறும் நாளில்தான் உங்கள் நிரல் விழிக்கும்.

இனி முன்பு சொன்ன குழி. உங்கள் ரசீது எண்ணை நீங்களே போடுகிறீர்கள், எப்போதும் ஆறு இலக்கம். எண்ணாக வைத்துக்கொண்டு, எடுக்கும்போது, முன்னால் சுழியம் நிரப்பும் எல்பேட் என்ற செயற்கூற்றால் 123 ஐ 000123 ஆக்குகிறீர்கள். நல்லது. ஒருநாள் எண் 999999 ஐத் தாண்டி 1000000 ஆகிறது. எல்பேட் சுழியம் சேர்ப்பதோடு நிற்காது. கொடுத்த நீளத்தைவிட எழுத்துகள் மிகுந்தால் வலப்பக்கத்தை வெட்டிவிடும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருள்கள் மூன்றிலும் இதுதான் வழக்கம். 1000000 ஐ ஆறு இலக்கத்துக்கு அடக்கினால் 100000 வரும். அது ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்த ரசீதின் எண். எச்சரிக்கை கிடையாது, பிழைச் செய்தியும் கிடையாது. சுழியங்களை முன்னால் ஒட்டி வலப்பக்கம் ஆறு எழுத்தை மட்டும் எடுக்கிற இன்னொரு வழக்கம் உண்டு. அது 000000 என்று காட்டும். எண்ணை எழுத்தாக்கும் போஸ்ட்கிரெஸின் டூ_கேர் இந்த விஷயத்தில் நேர்மையானது, இடம் போதாவிட்டால் ###### என்று அச்சிட்டுவிடும். அசிங்கமாக இருந்தாலும் பொய் இல்லை. புலத்துக்கே சுழியம் நிரப்பச் சொல்லும் மைஎஸ்கியூஎலின் ஜீரோஃபில் எண்ணை வெட்டாது. ஆனால் 8.0.17 பதிப்பிலிருந்தே அதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள், புதிதாக எழுதும் நிரலில் அதை நம்ப வேண்டாம்.

நான் இப்போது செய்வது: வரிசையாக வளரும் எண்ணை இன்டிஜராக ஒரு புலத்தில் வைக்கிறேன். தாளில் அச்சாகிற வடிவத்தை உருவாக்கிய நொடியிலேயே எழுத்தாக இன்னொரு புலத்தில் எழுதிவிடுகிறேன். வாடிக்கையாளர் கையில் இருப்பது அந்த இரண்டாவது வடிவம்தான்.

புலத்தை எழுத்து வகையாக்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சுழியம் பெரும்பாலும் வருகிற வழியில்தான் தொலைகிறது, முதல் குற்றவாளி எக்செல். மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பில் வகை என்ற ஒன்றே இல்லை; மேற்கோள் குறிக்குள் வைத்தாலும், இருமுறை தட்டித் திறந்ததுமே எக்செல் அதை எண்ணாக்கிவிடும். எங்கள் கணக்கர் அக்கா கோப்பைத் திறந்து, பார்த்து, சேமித்து மூடுவார். ஒன்றையும் தொடவில்லை என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வது உண்மைதான், தொட்டது எக்செல். அடுக்குமாடி வீட்டின் கதவு எண் 08-05 இருக்கிறதே, # குறி இல்லாமல் கொடுத்தால் அது தேதியாகிவிடும். கணினியின் அமைப்பைப் பொறுத்து மே 8 அல்லது ஆகஸ்டு 5. பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் மிச்ச இலக்கங்களைச் சுழியமாக்கிவிடும். அதாவது முன்னால் இருக்கும் சுழியத்தைத் தின்றுவிட்டுப் பின்னால் இல்லாத சுழியத்தைப் போடும். கோப்பைத் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாகக் கொண்டுவந்து, அந்த நெடுவரிசைக்கு உரை என்று வகை கொடுங்கள். 2023 இலிருந்து புதிய எக்செல்லில் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் அமைப்பும் வந்திருக்கிறது.

பைத்தான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பைக் கொண்டு கோப்பைப் படிக்கிறவர்கள் அந்த நெடுவரிசையை உரையாகப் படிக்கச் சொல்ல வேண்டும். நிரல்கள் தமக்குள் தரவு அனுப்பும் ஜேசன் வடிவத்தில் எண்ணுக்கு முன்னால் சுழியம் வைப்பதே இலக்கணப் பிழை, மேற்கோளுக்குள் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் ஒரு வேடிக்கை உண்டு. புலத்தின் வகையை 'ஸ்ட்ரிங்' என்று எழுதினால் எழுத்து வகை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது எண் சார்ந்த வகையாகவே எடுத்துக்கொள்ளும், சுழியத்தையும் உதிர்க்கும். 'டெக்ஸ்ட்' என்று எழுத வேண்டும். மைஎஸ்கியூஎலில் தேடும்போது தொடர் எண்ணை மேற்கோள் இல்லாமல் எழுதினால், அது இரு பக்கத்தையும் எண்ணாக்கி ஒப்பிடும். 4173, 004173, 00004173 மூன்றும் பொருந்தும், தேடலை விரைவாக்கும் குறியீட்டு அட்டவணையும் பயன்படாமல் போகும். போஸ்ட்கிரெஸ் இதை ஏற்காமல் பிழை என்று சொல்லிவிடும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

எழுத்தாக வைத்தால் மனிதர்கள் தேடுவது எப்படி என்ற கேள்வியும் வரும். தொலைபேசியில் யாரும் "சுழியம் சுழியம் சுழியம் சுழியம்" என்று பொறுமையாகச் சொல்ல மாட்டார்கள். 4173 என்பார்கள். அதற்காக முன்சுழியம் நீக்கிய வடிவத்தை இன்னொரு புலத்தில் வைத்து அதில் தேடுங்கள். ஒன்றுக்கு மேல் அகப்பட்டால் எல்லாவற்றையும் கடைப் பெயரோடு காட்டுங்கள், நிரல் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கக்கூடாது. அந்தப் புலத்தில் தனித்துவக் கட்டுப்பாடு வேண்டாம்; மூல எண்ணுக்கு, தயாரிப்பாளரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். சுழியத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டுகிற ஊழியர் எல்லா அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். அந்த எண்களில் எழுத்தே வராது என்றால், இலக்கம் தவிர வேறெதையும் ஏற்காத சோதனை ஒன்றையும் வைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே தொலைந்துவிட்டதா? புலத்தின் வகையை மாற்றுவதால் சுழியம் திரும்பி வராது. பழைய புலத்தைத் தொடாமல் விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேருங்கள். நீளத்தைச் சொல்லக்கூடிய வேறு தகவல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு மாதிரியின் பெயர் கை கொடுத்தது: பழைய மாதிரி என்றால் ஆறு, புதியது என்றால் எட்டு. பெரும்பாலானவற்றை ஒரே கட்டளையில் சரிசெய்துவிட்டோம். மாதிரிப் பெயர் பதியாத தராசுகளுக்குப் பழைய வேலைச் சீட்டுகளைப் புரட்டினோம். அதிலும் அகப்படாதவற்றுக்கு, அந்தப் பக்கம் போகிற தொழில்நுட்பரிடம் ஒட்டுத்தாளைப் படம் எடுத்து வரச் சொன்னோம். மீன் கடைத் தராசுகள் சிலவற்றில் தண்ணீர் பட்டு ஒட்டுத்தாளே அழிந்திருந்தது. அவற்றின் புதிய புலம் காலியாகவே இருக்கிறது. ஊகித்து நிரப்ப வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆட்டிறைச்சிக் கடை அண்ணனுக்கு 85 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தோம்.