தக்கலையில் ப்ளஸ் டூ படிக்கிறேன்: பியூர் சயின்ஸ் பாடங்களோடு நீட், நர்சிங் இரண்டுக்கும் எப்படித் தயாராவது?

தங்கச்சி, அரசுப் பள்ளியில் பியூர் சயின்ஸ் குரூப் (பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, தாவரவியல், விலங்கியல்), நீட் எழுதணும், கிடைக்காட்டி நர்சிங், இத்தனையையும் எப்படிச் சமாளிக்கன்னு கேட்டிருக்கீங்க. நானும் நம்ம கன்னியாகுமரி மாவட்டம்தான். அதே குரூப் படிச்சு, நர்சிங் முடிச்சு, இப்போ அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன்.

நீட் கோச்சிங்குக்காகப் பப்ளிக் பரீட்சையை மட்டும் விட்டுக் கொடுத்துடாதீங்க. "ப்ளஸ் டூவில் பாஸானா போதும்"னு சொல்ல ஆள் நிறைய உண்டு. ஆனா தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு ரேங்க் போடுறது ப்ளஸ் டூ மார்க்கை வச்சுத்தான். அதைக் கோட்டை விட்டா ரெண்டு கதவும் சேர்ந்து அடைஞ்சுடும். அரசுப் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பிலிருந்து படிச்சிருந்தா, மருத்துவப் படிப்பில் 2020-லிருந்து இருக்கிற 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உங்களுக்கு உண்டு. நீட்டையும் நம்பிக்கையோட எழுதுங்க.

ஒவ்வொரு சயின்ஸ் பாடத்திலும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. கடைசி 30 மார்க் முழுக்க உங்க கையில் இருக்கு. ரெக்கார்டு நோட்டை அப்பப்போ முடிச்சுக் கையெழுத்து வாங்கிடுங்க. ஜனவரியில் உட்கார்ந்து மொத்தமா படம் வரைஞ்சா, ரிவிஷன் நேரம் அதிலேயே போயிடும்.

நீட்டில் 180 கேள்வியில் 90 உயிரியல். அதில் மனித உடலியல் முழுக்க, செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம் எல்லாமே, ப்ளஸ் ஒன் விலங்கியலில்தான் வருது. பலரும் ப்ளஸ் டூ வந்ததும் அந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டுடுறாங்க. போடாதீங்க. நர்சிங் முதல் வருஷ அனாட்டமி, ஃபிசியாலஜி அங்கேயிருந்துதான் தொடங்குது. நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கின மாவட்டம் இது, தெருவுக்கு ஒரு நர்ஸ் அக்கா இருப்பாங்க. அவங்க பழைய புத்தகத்தை வாங்கிப் புரட்டினா உங்களுக்கே தெரியும்.

பிசிக்ஸ்தான் எல்லாருக்கும் பயம். "நர்சுக்கு எதுக்கு இது"ன்னு தோணும். ஒரு உதாரணம் சொல்றேன். ப்ளஸ் ஒன்னில் பாய்சொய் சமன்பாடு வரும். குழாயின் ஆரம் ரெண்டு மடங்கானா, பாயும் திரவம் 16 மடங்காகும், நீளம் கூடினா குறையும். விபத்தில் ரத்தம் நிறையப் போன ஒருத்தர் வந்தா, நீல நிற 22 கேஜ் ஊசியை விட்டுட்டு, பச்சை நிற 18 கேஜையோ அதைவிடப் பெரிய சாம்பல் நிற 16 கேஜையோ தேடிப் போடுவோம் (கேஜ் எண் குறையக் குறைய ஊசி அகலமாகும்). அகலமா, குட்டையா இருந்தாத்தான் சலைன் வேகமா உள்ளே போகும். கெமிஸ்ட்ரியில் தாங்கல் கரைசல் (பி.ஹெச். சட்டுனு மாறாம தாங்கிக்கிற கரைசல்) படிப்பீங்கல்ல, ஐ.சி.யூவில் ரத்தத்தின் பி.ஹெச். 7.4-ஐ விட்டு விலகுதான்னு பார்க்கிறப்போ அதே பாடம்தான். இப்படிப் புரிஞ்சு படிச்சா அஞ்சு மார்க் கேள்விக்கும் நாலு சாய்ஸ் கேள்விக்கும் ஒரே படிப்பு போதும்.

அதனால தனித்தனியா ரெண்டு டைம் டேபிள் போட வேண்டாம். பள்ளியில் அன்னைக்கு நடந்த பாடத்தை ராத்திரி மாநிலப் புத்தகத்தில் படிச்சு, அதே பாடத்தை நீட்டுக்காக என்.சி.இ.ஆர்.டி. (மத்தியப் பாடத்திட்ட) புத்தகத்திலும் பார்த்து, கொஞ்சம் சாய்ஸ் கேள்வி போட்டுட்டுத் தூங்குங்க. பதினொரு மணிக்கு மேல முழிக்க வேண்டாம், காலையில் பஸ்ஸில் நின்னுக்கிட்டே போகணும். பஸ்ஸில் ஃபார்முலா பார்க்கலாம், கணக்கு வேண்டாம். ப்ளஸ் ஒன் பாடத்துக்கு ஞாயிற்றுக்கிழமையை வச்சுக்கோங்க.

மார்ச்சில் பப்ளிக் முடிஞ்சா மே முதல் வாரம் நீட் வரைக்கும் ஒரு மாசத்துக்கு மேல கிடைக்கும். அப்போ மாடல் டெஸ்டை மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை எழுதிப் பழகுங்க, நீட்டும் அந்த நேரத்தில்தான் நடக்கும். தெரியாத கேள்வியை விட்டுடுங்க, தப்பான பதிலுக்கு ஒரு மார்க் குறைப்பாங்க. நர்சிங் விண்ணப்ப அறிவிப்பு வந்ததும் நீட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காம போட்டு வச்சிடுங்க.