மனதில் அன்பு வராதபோது

பாலக்கோடு நண்பருக்கு வணக்கம். கிணற்றுத் தண்ணீர் முறை தகராறில் அண்ணனோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை, சபையில் ‘ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்’ என்று கேட்டாலே மனசு குத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தக் கட்டளை பைபிளில் யோவான் சுவிசேஷம் 13:34. அதற்கு முன்பே இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிவிட்டார். தம்மைக் காட்டிக்கொடுப்பான் என்று தெரிந்தும், சீஷன் யூதாசின் கால்களையும் அவர் விட்டுவிடவில்லை. அதனால் மனதில் அன்பு ஊறட்டும் என்று காத்திருக்காதீர்கள், கை முதலில் போகட்டும். கிருஷ்ணகிரியில் எங்கள் தோப்பில் மாங்காய் பறிப்பு நாளில், ஆள் கிடைக்காமல் நின்ற தம்பிக்குக் கூப்பிடாமலே போய்க் கூடை தூக்கினேன். பேச்சு அப்புறம்தான் வந்தது.

தண்ணீர் முறையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, அதைப் பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். இந்த வாரம் சந்தைக்குப் போகும்போது அண்ணனுடைய தக்காளிப் பெட்டிகளையும் உங்கள் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.