கருவேல் மூடிய தென்னந்தோப்பு: ஜேசிபியைக் கூப்பிடுவதற்கு முன்னால்

கேள்வி: ஐயா, பேராவூரணி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. 2018 கஜா புயலில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. விழுந்த மரங்களை வேலியோரம் தள்ளிக் குவித்ததோடு சரி. நான் சிங்கப்பூரில் இருந்ததால் அதற்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. இப்போது இரண்டு ஏக்கர் சீமைக்கருவேல் மூடிக் காடாகக் கிடக்கிறது. மீதி ஓர் ஏக்கரில் காய்க்கிற மரங்கள் நிற்கின்றன. போன மழைக்காலத்துக் காற்றில் அவற்றிலும் பதினைந்து விழுந்து அப்படியே கிடக்கின்றன. ஜேசிபிக்காரர் "ரெண்டே நாளில் தள்ளிக் குவித்துக் கொளுத்திவிடலாம்" என்கிறார். வீடியோவில் பார்க்கிற மாதிரி, நிற்கிற மரத்தை அப்படியே அரைத்துத் தூளாக்கும் இயந்திரம் இங்கே கிடைக்குமா? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: கருவேலை இப்போதைக்கு விடுங்கள். இத்தனை வருடம் நின்றது இன்னும் ஒரு மாதம் நிற்கட்டும். முதலில் அந்தப் பதினைந்து மரங்களைப் பாருங்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது, அதுவும் காய்ப்பில் இருக்கிற ஓர் ஏக்கருக்கு.

ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், விழுந்து கிடக்கும் மரம் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். மேலே மரம் முழுசாகத்தான் தெரியும். மண்ணில் பட்டுக் கிடக்கிற அடிப்பக்கம் மெத்தென்றிருக்கும். குத்தினால் காப்பித்தூள் மாதிரி உதிரும். அந்தத் தூளுக்குள் கட்டைவிரல் தடிமனில், வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாக, அரைவட்டமாகச் சுருண்டு புழுக்கள் கிடந்தால், உங்கள் தோப்பிலேயே காண்டாமிருக வண்டு வளர்கிறது என்று அர்த்தம். அந்த வண்டு முட்டையிடுவது எருக்குழியிலும் மட்கிய மரத்திலும். சில மாதங்களில் வண்டாகி இரவில் பறந்து போய், நிற்கிற தென்னையின் விரியாத குருத்தைத் துளைத்துக் குடையும். பிறகு மட்டை விரியும்போது கத்தரிக்கோலால் விசிறி வெட்டு வெட்டின மாதிரி இருக்கும். இளங்கன்று என்றால் குருத்தே போய்விடும். அந்தக் காயத்தின் வழியாகச் சிவப்புக் கூன்வண்டு உள்ளே போனால் மரமே போய்விடும். இரண்டு ஏக்கரைச் சுத்தம் செய்து புதுக்கன்று வைக்கப் போகிறீர்கள். பக்கத்திலேயே வண்டுப் பண்ணையை வைத்துக்கொண்டு கன்று வைத்தால் செலவு அத்தனையும் வீண்.

அதனால் பதினைந்தையும் துண்டுபோட்டு வெளியேற்றுங்கள். செயின்சா வைத்திருக்கிற, தென்னை அறுத்துப் பழகிய ஆளாகப் பாருங்கள். தென்னையின் வெளிவைரம் ரொம்பக் கெட்டி. அதோடு மண்ணும் ஒட்டியிருப்பதால் செயின் சீக்கிரம் மழுங்கும். அறுக்கும்போது சீவல் சீவலாக வராமல் மாவு மாதிரி வந்தால் உடனே நிறுத்தி அரம் போடச் சொல்லுங்கள். மழுங்கின செயினை அழுத்தி அறுத்தால் ரம்பம் துள்ளி ஆள்மேல் வரலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு முனையும் மேட்டில் இருந்து நடுவில் பள்ளமாகக் கிடக்கிற மரத்தை மேலிருந்தே முழுக்க அறுத்தால், பாதியில் மரம் வாயை மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நின்றால் இதற்கு நேர்மாறாக, முதலில் கீழே கொஞ்சம், அப்புறம் மேலே. வேரோடு சாய்ந்த மா, தேக்கு ஏதாவது இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தண்டை அறுத்து விட்டதும் பாரம் குறைந்து, வேர்ப்பகுதி படக்கென்று நிமிர்ந்து பழைய குழியிலேயே உட்காரும். அந்தக் குழிக்குள் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் கிட்டவே வரக் கூடாது. இன்னொரு மரத்தின்மேல் சாய்ந்து தொங்குகிற மரத்தைக் கையால் அறுக்கவே வேண்டாம். இயந்திரத்தால் இறக்கிவிட்டு அப்புறம் அறுக்கலாம்.

முதிர்ந்த தென்னை விழுந்த உடனே அறுத்திருந்தால் அடிமரம் வீட்டுச் சட்டத்துக்கு ஆகியிருக்கும். ஒரு மழைக்காலம் மண்ணில் கிடந்துவிட்டதால் இனி பெரும்பாலும் விறகுதான். செங்கல் சூளைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். எடுக்க ஆள் வரத் தாமதமானால், துண்டுகளை நீளவாக்கில் பிளந்து வெயிலில் அடுக்குங்கள். வண்டுக்கு வேண்டியது ஈரமும் மட்கலும். காய்ந்த கட்டையில் அதற்கு வேலையில்லை. தூரையும் மண்ணுக்குள் விட்டுவைக்க வேண்டாம். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. ஜேசிபி பக்கெட்டை அடியில் கொடுத்து நெம்பினால் வேர்ப்பந்து மொத்தமாக வந்துவிடும். குழியை அன்றே மூடிவிடுங்கள்.

உதிர்ந்த தூளை ஒரு சாண் உயரத்துக்கு மேல் இல்லாமல் வெயிலில் பரப்பிக் கோழியை விடுங்கள், புழுவை அது பார்த்துக்கொள்ளும். அதோடு எருக்குழி, குப்பைக் குவியல்களில், வண்டுப் புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைக் கலந்து விடலாம். எவ்வளவு, எப்படி என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பறக்கிற வண்டைப் பிடிக்க, ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானைகளில் ஊற்றித் தோப்புக்குள் ஆங்காங்கே வையுங்கள். வாடைக்கு வந்து விழும்.

சரி, இனி கருவேல் காடு. இயந்திரம் வருவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க நடந்து பார்க்க வேண்டும். வெட்டரிவாளும் கவைக்கம்பும் பிடிக்கத் தெரிந்த உள்ளூர் ஆள் இருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒருவர் கவைக்கம்பால் முள்ளைத் தள்ளிப் பிடிக்க, மற்றவர் வெட்டி வழி எடுப்பார். புல்லும் கொடியும் அடைந்த இடத்துக்குப் பிரஷ் கட்டர் நல்லது. புல்லுக்கு நைலான் நரம்பு, விரல் தடிமன் குச்சிக்குப் பல்வைத்த வட்ட பிளேடு. அதற்கு மேல் தடித்த கருவேலை அதில் அறுக்கப் பார்த்தால் கருவி கையை உதறிவிடும். கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ் இரண்டும் கட்டாயம். கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறும், உள்ளே ஒடிந்தால் சீழ் வைக்கும்.

எதைத் தேடி நடக்கிறீர்கள்? முதலில் கிணறும் மூடி போடாத ஆழ்துளைக் குழாயும். புதர் மூடின பழைய கிணற்றுக்குள் இயந்திரம் சக்கரத்தை விட்டால் உயிர்ச்சேதம். அடுத்து மோட்டாரிலிருந்து போகிற நிலத்தடிக் குழாய், வால்வுத் தொட்டி. மூன்றாவது எல்லைக்கல். ஜேசிபி ஒரு தள்ளுத் தள்ளிவிட்டால் அப்புறம் பங்காளியிடமும் பக்கத்து நிலத்துக்காரரிடமும் வருடக்கணக்கில் பேச வேண்டியிருக்கும். கல் தெரியவில்லை என்றால் முதலில் சர்வேயருக்கு மனுக் கொடுத்து அளந்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கண்ட இடத்திலெல்லாம் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள்.

அறுந்து கிடக்கிற மின்கம்பியைப் பார்த்தால் அது பழையது, மின்சாரம் வராது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மின்வாரிய ஆள் வந்து சொல்லட்டும். கம்பி வேலியில் பட்டுக் கிடந்தால் வேலி முழுக்க மின்சாரம் இருக்கலாம். தென்னை, பனையில் கதண்டுக் (விஷக்குளவி) கூடு இருந்தால் அந்தப் பக்கம் வேலையை நிறுத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். இயந்திரச் சத்தத்துக்கும் அதிர்வுக்கும் கதண்டு கிளம்பினால் ஓடித் தப்ப முடியாது.

கஜாவில் குவித்த குவியல் இந்நேரம் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாகியிருக்கும். ஆனால் விரியன் தங்குகிற இடம் அது. கையால் கலைக்க வேண்டாம். இயந்திரம் பிரிக்கட்டும், ஆட்கள் தள்ளி நிற்கட்டும். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை. பிரித்த மட்கை வெயிலில் பரப்பிப் புழு இல்லையென்று பார்த்துவிட்டால், புதுக்கன்றுக் குழிக்கு அதைவிட நல்ல எரு கிடையாது. கஜா கொண்டுபோனதில் அதையாவது மண்ணுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

நடக்கும்போது எது நிற்க வேண்டும் என்பதையும் குறித்துவிடுங்கள். பனை இருந்தால் தொடாதீர்கள். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது. நாட்டுக்கருவேலையும் விட்டுவையுங்கள். அதன் பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும், காய் மணி கோத்த மாதிரி இடுப்பு ஒடுங்கி இருக்கும். சீமைக்கருவேலின் பூ வெளிர்மஞ்சள் கதிராக நீளும், காய் ஒடுங்காமல் பட்டையாக இருக்கும். காடு அடர்ந்திருக்கும்போது ஓட்டுநருக்கு இரண்டும் ஒன்றுதான். நீங்கள்தான் துணி கட்டி அடையாளம் காட்ட வேண்டும்.

நீங்கள் கேட்ட அரைக்கும் இயந்திரத்துக்கு வருகிறேன். நம் பக்கம் அதை வாடகைக்குத் தேடி அலைய வேண்டாம். கிடைத்தாலும் உங்கள் வேலைக்கு அது உதவாது. சீமைக்கருவேலின் உயிர் இருப்பது தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேருகிற தூரில். உறங்கும் மொட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. தரைக்கு மேலே வெட்டினாலும் அரைத்தாலும் கொளுத்தினாலும் தூர் பிழைத்துக்கொண்டு, ஒற்றை மரம் நின்ற இடத்தில் ஐந்தாறு கிளையாகத் தழைக்கும். விறகுக்கு வெட்டி விட்ட இடமெல்லாம் இரண்டு மழையில் முன்னைவிட அடர்த்தியாவது இதனால்தான். தரைக்கு அடியில் ஓர் அடியாவது போய்த் தூரைப் பெயர்த்து எடுத்தால்தான் செத்தது. அதற்குக் கீழே அறுந்து நிற்கிற வேரைப் பற்றிக் கவலை வேண்டாம். மண்ணெண்ணெய், உப்பு என்று தூரில் ஊற்றச் சொல்வார்கள். கிணறு பக்கத்தில் இருக்கிறது, வேண்டாம். களைக்கொல்லியும் யோசிக்க வேண்டாம். கிளைபோசேட்டைப் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022லேயே மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது.

எப்போது எடுப்பது என்பதில் பாதி வேலை அடங்கியிருக்கிறது. மழைக்காலம் முடிந்து, மேல்மண் காய்ந்து, ஒரு முழம் ஆழத்தில் ஈரம் இருக்கிற தை, மாசிதான் சரியான நேரம். மழையில் இறக்கினால் ஏழெட்டு டன் இயந்திரம் மண்ணை மிதித்து இறுக்கிவிடும். சித்திரையில் இறக்கினால் மண் கல்லாகி, நெம்பும்போது தூர் வராமல் தண்டு மட்டும் முறியும்.

இப்போது ஜேசிபிக்காரர் சொன்னது. "தள்ளி" என்கிற அந்த ஒரு சொல்லைத்தான் நான் ஏற்க மாட்டேன். முன்பக்க பிளேடால் தள்ளினால் முள்ளோடு உங்கள் மேல்மண்ணும் அரை அடி சேர்ந்து போகும். நிலத்தில் வளமான மண்ணே அதுதான். அதோடு மண் கலந்த குவியல் எரியவும் எரியாது. தூர் அதற்குள்ளேயே வேர்விட்டு அடுத்த மழைக்குத் தளிர்க்கும். பின்பக்க பக்கெட்டால் ஒவ்வொரு தூராக எடுக்கச் சொல்லுங்கள். நல்ல ஓட்டுநர் பக்கெட் பல்லைத் தண்டுக்கு ஒரு முழம் தள்ளி இறக்குவார், நெம்புவார், தூர் வெளியே வந்ததும் தூக்கி அந்தரத்தில் நான்கு உதறு உதறுவார். மண் பொலபொலவென்று அதே குழியில் விழும். அதற்குப் பிறகுதான் மரத்தைத் திருப்பி வைப்பார். அந்த உதறலுக்கு மரத்துக்கு அரை நிமிடம் கூடுதலாக ஆகும். அதற்குக் காசு கொடுங்கள்.

ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால் உதற மாட்டார்கள், தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். மணிக்கணக்காகப் பேசுங்கள். வண்டி வந்து சேரும் நேரம் கணக்கில் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேளாண் பொறியியல் துறையும் டிராக்டர், மண் தள்ளும் இயந்திரம், ஜேசிபி எல்லாம் விவசாயிகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிறது. உழவன் செயலியில் பார்த்துவிட்டு வெளியில் விலை பேசுங்கள்.

எடுத்த மரத்தைக் கொளுத்தாதீர்கள், அது காசு. கரிமூட்டம் போடுகிறவர்கள் வாங்குவார்கள், தூர்க்கட்டையும் கரிக்கு ஆகும். நிற்கிற மரத்தையே விலை பேசி வெட்டிக்கொள்ளவும் வருவார்கள். அப்படி விட்டால், தூரோடு எடுக்க வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் மரம் அவருக்கு, தூர் உங்களுக்கு. தரைக்கு மேல் பிடிக்க ஏதும் இல்லாத மொட்டைத் தூரை இயந்திரத்தால் எடுப்பது இரட்டை வேலை. மிஞ்சுகிற முள்கிளையை எரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், நிற்கிற தென்னையிலிருந்து நன்றாகத் தள்ளி, மின்கம்பி இல்லாத இடத்தில், காற்றில்லாத காலை நேரத்தில், பக்கத்தில் மோட்டார் தண்ணீரோடு, சின்னச் சின்னதாக எரியுங்கள்.

அப்புறம் குழிகளை மூடி, டிராக்டர் கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சால் ஓட்டி, மேலே வரும் வேரையும் முள்ளையும் ஆள் வைத்துப் பொறுக்குங்கள். இதைச் செய்யாமல் ரோட்டவேட்டரை இறக்கினால் முள் துண்டுதுண்டாகி மண்ணுக்குள் தங்கிவிடும். பிறகு நடவுக்கு வருகிறவர் காலில்தான் ஏறும்.

இத்தனை செய்தபிறகும் முதல் மழைக்கு நிலம் முழுக்கக் கருவேல் நாற்று முளைக்கும். பயப்பட வேண்டாம், வேலை தவறிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். இத்தனை வருடமாக உதிர்ந்த விதை மண்ணில் இருக்கிறது, அதன் தோல் கெட்டி, பல வருடம் உயிரோடு கிடக்கும். ஈரம் இருக்கும்போது ஒரு சாண் நாற்றை இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். ஆறு மாதம் விட்டால் மண்வெட்டி வேண்டும். இரண்டு வருடம் விட்டால் மறுபடி ஜேசிபி. முதல் பருவத்தில் தக்கைப்பூண்டோ சணப்போ அடர்த்தியாக விதைத்து மடக்கி உழுதால், நிழலில் நாற்று திணறும், உழவிலும் கொஞ்சம் போகும், மண்ணுக்கும் உரம்.

எருவுக்காக ஆட்டுக்கிடை போடுகிற பழக்கம் உங்கள் பக்கம் உண்டு. கிடை நல்லதுதான். ஆனால் கோடையில் கருவேலங்காய் தின்றுவிட்டு வருகிற ஆடு, விதையைப் புழுக்கையோடு முளைக்கத் தயாராக உங்கள் நிலத்தில் போட்டுவிட்டுப் போகும். காய் உதிரும் மாதங்களைத் தவிர்த்துப் போடச் சொல்லுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற கருவேலையும் பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசி, அதே ஜேசிபி நிற்கும்போதே எடுத்துவிடப் பாருங்கள். வண்டிக் கூலியைப் பகிர்ந்துகொண்டால் அவருக்கும் லாபம்.

சிங்கப்பூருக்குத் திரும்புவதாக இருந்தால், மூன்று வருடத்துக்கு ஒவ்வொரு மழை முடிந்ததும் இரண்டு ஆள் இரண்டு நாள் நாற்றுப் பிடுங்க இப்போதே ஆள் பேசி வையுங்கள். பிடுங்கினதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் தரை தெரிய வேண்டும்.