பக்கத்து வீட்டுக்கு ஸகாத்: கடனில் கழிக்கலாமா?

வ அலைக்கும் ஸலாம், சகோதரரே. பக்கத்து வீட்டு விதவைச் சகோதரி கூச்சப்படுகிறார், ஸகாத் (செல்வத்திலிருந்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய கடமையான தர்மம்) என்று சொல்லாமல் கொடுத்தால் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடும். ஸகாத் கொடுக்கிறேன் என்ற நிய்யத் (எண்ணம்) உங்கள் மனத்தில் இருந்தால் போதும். வாங்குபவருக்கு அறிவிக்க வேண்டியதில்லை. உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு வேறு பேச்சை எடுங்கள். (கொடுப்பதைப் புகைப்படம் எடுத்துப் பரப்புகிறவர்களைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்கு வாங்கவே கூச்சம் வந்துவிட்டது.)

தொலைவிலுள்ள அமைப்புக்குத்தான் அனுப்ப வேண்டுமோ என்ற கவலையும் வேண்டாம். தம் தோழர் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் சொன்னதே, அம்மக்களின் செல்வந்தர்களிடம் பெற்று அவர்களின் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான்.

சிக்கல், கடனில் கழிக்கலாமா என்ற உங்கள் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. அவர் தர வேண்டிய பழைய கடனைத் தள்ளுபடி செய்து, அதையே ஸகாத்தாகக் கணக்கு வைப்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. அங்கே கொடுத்தல் என்பதே நடக்கவில்லை. வராக்கடனை, நீங்கள் ஸகாத்தாகக் கொடுக்க வேண்டிய 2.5 சதவீதத்தில் கழித்துக்கொண்டதாகத்தான் ஆகும். ஸகாத்தைத் தனியாகக் கொடுங்கள். பிறகு அவராகவே அதிலிருந்து கடனை அடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே நிபந்தனை மட்டும் போட்டுவிடாதீர்கள்.