ஜகார்த்தாவுல இருந்து பாலிக்கு தரை வழியா போகலாமா?

கேள்வி: அண்ணா, ஜகார்த்தாவுல வேலைக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்க, அம்மாவுக்கு ப்ளைட்னாலே பயம், இங்க வந்து இறங்கினப்புறம் இன்னொரு தடவை ஏற மாட்டேன்னு இப்பவே சொல்லிட்டாங்க. பாலிக்கு கார்லயே போயிடலாமா? மேப்ல சுமார் 1200 கிமீ காட்டுது. புல்லட் ட்ரெய்ன் வேற இருக்காமே?

பதில்: தாராளமா போகலாம், ஆனா அந்த 1200-ஐ ரெண்டா பிரிச்சுப் பாருங்க. ஜகார்த்தா டு சுரபாயா டோல் ரோடு 2018 டிசம்பர்லயே முழுசா இணைஞ்சிடுச்சு, அதுக்கு அப்புறமும் ப்ரோபோலிங்கோ வரைக்கும் வழுக்கிட்டுப் போகும். சிக்கல் அதுக்குப் பிறகுதான். அங்கிருந்து ஜாவாவோட கிழக்குக் கோடியில இருக்கற கெதாபாங் துறைமுகம் வரைக்கும் ஏறக்குறைய 200 கிமீ-க்கு பழைய கடலோர ரோட்டை நம்பித்தான் ப்ளான் பண்ணணும், லாரி பின்னாடியே ஊர்ந்து போகணும், பலூரான் காட்டுப் பக்கம் ராத்திரி ஓட்டவே வேண்டாம். கடலைத் தாண்டினா பாலிப் பக்கத் துறைமுகமான கிலிமானுக்ல இருந்து டென்பசார் வரைக்கும் திரும்பவும் அதே மாதிரி ரோடு. மொத்த தூரத்துல கால்வாசிக்குக் கொஞ்சம் மேலதான் வரும் இந்தக் கடைசிப் பகுதி, ஆனா உங்க ஒரு நாளை முழுசா சாப்பிட்டுடும்.

புல்லட் ட்ரெய்ன், அதான் வூஷ், 2023-ல வந்தது, 142 கிமீ, பாண்டுங் வரைக்கும்தான். ஆனா உங்களுக்கு அதுலயே ஒரு வழி இருக்கு. ஹலீம் ஸ்டேஷன்ல ஏறி படலாராங்ல இறங்குங்க, அங்கிருந்து ஃபீடர் ட்ரெய்ன் பாண்டுங் ஊருக்குள்ளயே கொண்டு விடும் (கடைசி ஸ்டேஷனான தெகல்லுவார் வரைக்கும் போயிடாதீங்க, அது ஊருக்கு வெளிய). ராத்திரி பாண்டுங்ல தங்கிட்டு மறுநாள் ஆர்கோ விலிஸ் ட்ரெய்னைப் பிடிச்சா மலையும் வயலுமா பகல் பூரா பாத்துக்கிட்டே சுரபாயாவுல குபெங் ஸ்டேஷன் போய்ச் சேரலாம். நேரா ஜகார்த்தாவுல இருந்து போற ஆர்கோ ப்ரோமோ அங்ரெக் வேகம்தான், சுமார் எட்டு மணி நேரம், ஆனா அது நிக்கறது பசார் துரி ஸ்டேஷன், கெதாபாங் ட்ரெய்ன் பெரும்பாலும் கிளம்பறது குபெங். பெட்டியோட வயசானவங்களை கூட்டிக்கிட்டு டாக்ஸி பிடிச்சு மாறணும்.

கெதாபாங் ஸ்டேஷன்ல இருந்து துறைமுகம் நடந்துபோற தூரம்தான். ஃபெர்ரி டிக்கெட் ஃபெரிசி ஆப்ல முன்கூட்டியே எடுத்துடுங்க, கவுண்டர்ல வாங்கிக்கலாம்னு போய் நிக்காதீங்க. கடக்க ஒரு மணி நேரத்துக்குள்ளதான், ஆனா அந்த ஜலசந்தியில நீரோட்டம் ஜாஸ்தி, காத்து பலமா இருந்தா கப்பலை நிறுத்தி வச்சிடுவாங்க. அந்தக் கரையில ரயிலே கிடையாது, டிரைவரோட ஒரு காரை முன்னாடியே சொல்லி வைங்க. பாலி கடிகாரம் ஜாவாவை விட ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும், டிரைவர்கிட்ட நேரம் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்க, நான் ஒருதடவை சொல்லாம விட்டு, பாவம், அந்த மனுஷன் வெயில்ல நின்னு வெந்துட்டாரு.

இல்ல, கார்தான்னு முடிவு பண்ணினா, டோல்ல காசு வாங்க மாட்டாங்க, முன்கூட்டியே பணம் ஏத்தி வைக்கிற கார்டு மட்டும்தான். உள்ள நுழையும்போது தட்டின அதே கார்டைத்தான் வெளிய வரும்போதும் தட்டணும். பேலன்ஸ் தாராளமா வைங்க, எனக்கு ஒருதடவை கேட்லயே தீர்ந்துபோய் பின்னாடி இருந்தவங்க அடிச்ச ஹார்ன் இன்னும் காதுல கேக்குது. திரும்பி வரும்போது 260-வது கிமீ-ல பன்ஜாரத்மா ரெஸ்ட் ஏரியாவுல நிறுத்துங்க, பழைய சர்க்கரை ஆலையை அப்படியே செங்கல் சுவரோட மாத்தி வச்சிருக்காங்க, அப்பாவுக்குப் பிடிக்கும்.

தேதி போடறதுக்கு முன்னாடி ரெண்டு பாத்துக்கோங்க. ரம்ஜானை ஒட்டின நாள்னா ஜாவாவே ஊருக்குக் கிளம்பும், ஹைவேயை ஒன்வே ஆக்கிடுவாங்க, ட்ரெய்ன் டிக்கெட்டும் கிடைக்காது. மார்ச் மாதிரி நேரம்னா ந்யெபி, அதான் பாலி இந்துக்களோட மௌன நாள், எப்போன்னு பாருங்க, அன்னைக்கு பாலியில ரோடு, ஏர்போர்ட், கிலிமானுக் துறைமுகம் எல்லாமே 24 மணி நேரம் மூடிடுவாங்க, கெதாபாங்ல மாட்டினா மறுநாள் வரைக்கும் அங்கதான்.