மொத்தப் பனி குறைந்தால் உங்கள் பாதை திறந்திருக்குமா?

கேள்வி: நான் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர். அக்டோபர் கடைசியில் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரையோரமாகச் செல்லும் வடகடல் வழியில் போகத் திட்டம். பனி எப்போது திடீரென உறையும் என்று புள்ளியியல் முறையில் மூன்று மாதம் முன்பே சொல்வதாக ஒரு ஏஜென்ட் கம்பெனிக்கு அறிக்கை விற்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் பாதையில், உங்கள் தேதிக்கு, மூன்று மாதம் முன்பு யாராலும் சொல்ல முடியாது.

அவர் காட்டும் துல்லியம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 1979 முதல் செயற்கைக்கோள் பதிவு இருக்கிறது. 1981–2010 சராசரியோடு ஒப்பிட்டால் ஆர்க்டிக்கின் செப்டம்பர் பனி பத்தாண்டுக்குச் சுமார் 12 சதவீதம் குறைகிறது. அந்தச் சரிவை வரைபடத்தில் ஒரு கோடாகப் போட்டு நீட்டினாலே பல ஆண்டுகளில் கணிப்பு ஏறக்குறைய சரியாக வந்துவிடும். நமக்கு வேண்டியது கோடு தப்பிய ஆண்டுகள். 2012இல் பனி 33.9 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது. கணிப்புகளில் பெரும்பாலானவை அதைவிட மிக அதிகமாகவே சொல்லியிருந்தன. 2021 நவம்பர் தொடக்கத்தில் இதே வழியில் உள்ள லாப்டேவ், கிழக்கு சைபீரியக் கடல்களில் பனி சீக்கிரமே உறைந்து, 20க்கும் மேற்பட்ட கப்பல்கள் சிக்கின. அந்த இரண்டு ஆண்டுகளின் தரவையும் மறைத்து வைத்தால் அவருடைய முறை என்ன சொல்லியிருக்கும் என்று ஏஜென்டைக் கேளுங்கள். பழைய தரவில் பொருத்தி அதிலேயே மார்க் போட்டுக்கொள்வது, கேள்வித்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது.

செயற்கைக்கோள் பனிப் படத்தில் திறந்த நீராக, நீலமாகத் தெரியும் இடத்தையும் நம்பாதீர்கள். படத்தின் வழக்கமான ஒரு கட்டம் 25 கிலோமீட்டர் சதுரம், அதாவது 625 சதுர கிலோமீட்டர். அதில் 15 சதவீதத்துக்குக் குறைவாகப் பனி இருந்தால் பரப்புக் கணக்கில் அது திறந்த நீர். 14 சதவீதம் என்றால் 87 சதுர கிலோமீட்டர் பனி! கணக்கில் பூஜ்யம், உங்கள் கப்பலுக்கு முன்னால் பனி.

புள்ளியியல் ஒரே ஒரு இடத்தில் உண்மையாகக் கைகொடுக்கும். கோடையில் ஒரு கடற்பகுதியில் பனி சீக்கிரம் விலகினால் அங்கே நீர் வெயிலை வாங்கிச் சூடேறும், இலையுதிர்காலத்தில் உறைவதும் தாமதமாகும். தாமதமாக விலகினால் சீக்கிரம் உறையும். ஆர்க்டிக் முழுவதற்கான எண்ணை இதற்கு எடுக்காதீர்கள். உங்கள் பகுதியில் பனி விலகிய தேதியை மட்டும் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள். அப்போதும், காற்று பழைய பனியைத் தள்ளிக்கொண்டு வந்தால் இந்தக் கணக்கு உடையும்.

பிரெமன் பல்கலைக்கழகம் இதைவிட நுணுக்கமான பனிப் படத்தைத் தினமும் இலவசமாகத் தருகிறது. அறிக்கைக்குப் பணத்தைக் கொட்டும் கம்பெனிகள், அந்தப் படத்தைக் கப்பலில் இறக்கிக்கொள்ள இணைய வசதி கேட்டால் மூக்கால் அழுகின்றன. ஆத்திரம்தான் வருகிறது.

ஐஸ்பிரேக்கர் (பனியை உடைத்து வழிவிடும் கப்பல்) துணை உறுதியாகவில்லை என்றால், அறிக்கை எதைச் சொன்னாலும், உங்கள் ஆட்சேபத்தைக் கேப்டனிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.