எம்பி3 பாட்டை ஃப்ளாக் ஆக மாற்றினால் தெளிவு கூடுமா?

கேள்வி: எங்களிடம் பென்டிரைவில் 800 பாட்டு இருக்கிறது, எல்லாம் 128 கேபிபிஎஸ் எம்பி3. புதிதாக நல்ல ஸ்பீக்கர் வாங்கியிருக்கிறோம். எல்லாவற்றையும் ஃப்ளாக் ஆக மாற்றினால் சிடி தரம் வந்துவிடும், பாட்டுக்கு 5 ரூபாய் என்கிறார் மதுரையில் ஒரு கடைக்காரர். கொடுக்கலாமா? அப்பத்தா பாடிய தாலாட்டு ஒரு கேசட்டில் இருக்கிறது. அதையும் எம்பி3 ஆக்கிக்கொள்ளலாமா? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். 4,000 ரூபாய் தண்டம்.

தவில் முழங்கும்போது பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தால் நம் காதில் விழாது. அப்படி விழாது என்று கணக்குப் போட்டுச் சில ஒலிகளைக் கழித்துவிடுவதுதான் எம்பி3. ஃப்ளாக் என்பது எந்த ஒலியையும் கழிக்காமல் கோப்பைச் சுருக்கும் முறை. சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட். உங்கள் பாட்டில் 128, அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. கழித்தது கழித்ததுதான். மங்கலான ஜெராக்ஸை வழவழப்பான தாளில் மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் அழிந்த எழுத்து திரும்பி வருமா? கோப்பு பல மடங்கு பெருத்துவிடும், அவ்வளவுதான்.

கடையில் போட்டுக் காட்டும்போது வித்தியாசம் கேட்கத்தான் செய்யும். மாற்றிய பாட்டின் சத்தம் கொஞ்சம் கூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் துளி கூடினாலே நம் காதுக்கு அது தெளிவாகத் தோன்றும். திருமங்கலத்திலிருந்து வந்த ஒருவர் இப்படிக் காசு கொடுத்து மாற்றிய பென்டிரைவைக் கொண்டுவந்தார். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து அலைவரிசைப் படத்தைக் காட்டினேன். 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, அதாவது மிகக் கீச்சென்ற ஒலிகள் வரும் இடத்தில், கத்தியால் வெட்டினாற்போல் ஒன்றுமே இல்லை. 128 எம்பி3 வழக்கமாக அங்கேதான் வெட்டும். அது பழைய 128-தான். துணிக்கு மீட்டர் பார்க்கிறோம், பெட்ரோலுக்கு லிட்டர் பார்க்கிறோம். பாட்டுக் கோப்பு எதிலிருந்து எடுத்தது என்று மட்டும் நாம் கேட்பதே இல்லை. ‘ஹெச்டி’ என்று ஒட்டினால் விற்றுவிடுகிறது!

சரி, அசல் சிடியிலிருந்து எடுத்த 320 கேபிபிஎஸ் எம்பி3-யும் ஃப்ளாக்கும்? கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பெரும்பாலோருக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டிலேயே சோதிக்கலாம். சத்தத்தைச் சமமாக வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் தங்கையை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்து, பதினைந்து முறையாவது கேளுங்கள். 128-ல் ஜால்ரா, கைதட்டல் வரும் இடங்களில் பிசிறு தெரியலாம். அந்தப் பாட்டுகளை மட்டும் சிடியிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்கு வயரிலேயே இணைப்புக் கொடுங்கள். புளூடூத்தில் போனால் வழியில் இன்னொரு முறை சுருங்கும்.

அப்பத்தா கேசட் விஷயம் வேறு. அதை நேரடியாக எம்பி3-யில் பதியவே கூடாது. முதல் பதிவு சிடியின் அதே அளவில், அதாவது 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்டில், சுருக்காத வேவ் கோப்பாக இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி வரும். இடம் போதாவிட்டால் அந்த வேவை ஃப்ளாக் ஆக்குங்கள். ஒரு துளி ஒலியும் போகாமல் ஏறக்குறையப் பாதி இடத்தில் அடங்கும். இங்கே ஃப்ளாக் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நாளைக்கு அந்த ‘உஸ்’ இரைச்சலை நீக்க நினைப்பீர்கள். எம்பி3-யில் நீக்கினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழறலாம். வேவின் நகலில் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திப் பார்க்கலாம், அசல் அப்படியே இருக்கும். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப அதிலிருந்து ஒரு எம்பி3 எடுத்துக்கொண்டால் போதும்.

பதியும் முன் பிளேயரில் டேப் உரசிச் செல்லும் ஹெட்டைத் துடையுங்கள். சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குச் சத்தத்தை வையுங்கள். கேசட்டின் முதுகு விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் யாரும் தெரியாமல் மேலே பதிந்துவிட முடியாது. பதிந்து முடித்தபின் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள். புது ஸ்பீக்கர் மேலும் வைக்காதீர்கள், அதற்குள் காந்தம் இருக்கிறது.